திருடியவரைப் பிடித்தோம், இப்போது நோட்டீஸ் எங்களுக்கு

கேள்வி

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் டிபார்ட்மென்டல் ஸ்டோர் வைத்திருக்கிறேன். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி இரண்டு ஏலக்காய் பாக்கெட்டையும் ஒரு முகக் கிரீமையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பில் போடாமல் வாசலைத் தாண்டினார். மொத்தம் 640 ரூபாய். பையன்கள் பிடித்து வந்து குடோனில் உட்கார வைத்து, பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பொருள் கிடைத்தது. 5000 ரூபாய் அபராதம் கட்டு, இல்லாவிட்டால் போலீஸ் என்றோம். மகன் வந்து பணம் கட்டிக் கூட்டிப் போக இரண்டு மணி நேரம் ஆனது. மற்ற கடைக்காரர்கள் உஷாராக இருக்கட்டும் என்று அவர் போட்டோவை வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அது ஊர் முழுக்கப் போய்விட்டது. இப்போது அவர்கள் தரப்பில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. எங்கள் பொருளைத் திருடியவருக்கு நாங்கள் பயப்பட வேண்டுமா? வருடக் கணக்கில் இருப்பு ஒரு லட்சத்துக்கு மேல் குறைகிறது. அதை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கலாமா? இனிமேல் யாரையாவது பிடித்தால் என்னதான் செய்வது?

பதில்

அண்ணாச்சி, மற்றதெல்லாம் அப்புறம். கேமரா போட்டுக் கொடுத்தவரை இன்றைக்கே வரச் சொல்லி அன்றைய பதிவை எடுத்து வையுங்கள். சிறு கடைகளின் ஹார்டு டிஸ்க்கில் சில வாரப் பதிவுதான் நிற்கும், நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும். இரண்டு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. அவர் கடைக்குள் நுழைந்ததிலிருந்து மகனோடு வெளியே போனது வரை முழுவதையும் எடுங்கள். உங்களுக்குச் சாதகமான ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டி வைத்தால், மிச்சத்தை ஏன் மறைத்தீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும். டி.வி.ஆரில் (கேமரா பதிவு ஆகும் பெட்டியில்) ஓடும் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று பார்த்து, வித்தியாசம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பதிவை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டி வந்தால் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியிலிருந்து எடுத்தது, கோப்பின் ஹேஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) என்ன என்பதெல்லாம் அதில் வரும். ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்துப் போட வேண்டும். கேமரா போட்டவரை விட்டே எடுக்கச் சொல்லி, எடுத்த தேதி, நேரத்தை எழுதி வைத்தால் பின்னால் அலைச்சல் குறையும்.

இப்போது உங்கள் கேள்வி: பயப்பட வேண்டுமா? திருட்டுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அதன்பிறகு உங்கள் கடையில் நடந்ததற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் தனித்தனி வழக்கு. ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பத்து சதவீத லாபத்தில் விற்கும் பாக்கெட் ஒன்று களவு போனால், அதன் முதலை மீட்க இன்னும் ஒன்பது பாக்கெட் விற்றாக வேண்டும். மளிகையில் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் குடோனில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தது சட்டத்தின் பார்வையில் முறையற்ற சிறைவைப்பு. பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 127-வது பிரிவு, ஓராண்டு வரை சிறை உண்டு. போலீஸைக் காட்டி 5000 வாங்கியதை மிரட்டிப் பணம் பறித்தது என்று 308-வது பிரிவில் எழுதவும் இடம் இருக்கிறது. ‘திருடினால் பத்து மடங்கு அபராதம்’ என்று பல கடைகளில் போர்டு தொங்குகிறது. அந்தப் போர்டுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. அபராதம் விதிக்க நீதிமன்றத்தால்தான் முடியும். உங்கள் கடையிலும் அப்படி ஒன்று இருந்தால் கழற்றிவிடுங்கள்.

போட்டோ விஷயம் இன்னும் சிக்கல். உண்மையைத்தானே போட்டேன் என்பீர்கள். அவதூறுச் சட்டத்தில் உண்மை மட்டும் போதாது. அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லாத நிலையில், முகத்தோடு ‘திருடி’ என்று போட்டுவிட்டு அதைக் காட்டுவது கடினம். குழுவில் போட்டதை நீக்குங்கள். குழுவில் இருப்பவர்களிடமும் நீக்கச் சொல்லி, மேலே அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி போடுங்கள். நீக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் வக்கீலிடம் கொடுத்து வையுங்கள், ஆதாரத்தை அழித்தீர்கள் என்ற பேச்சு வராது.

நோட்டீஸுக்கு உங்கள் ஊர் வக்கீல் மூலம், அதில் கொடுத்திருக்கும் கெடுவுக்குள் பதில் போக வேண்டும். அதுவரை அந்த மகனுக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள், வேண்டியவர்களை விட்டுத் தூது அனுப்பவும் வேண்டாம். பேசுவது ஒவ்வொன்றும் பதிவாகும். என் யோசனை இது: பொருள் அன்றே திரும்பிவிட்டதால் அந்த 5000-ஐ வக்கீல் மூலமாகவே முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். போட்டோவுக்கு வருத்தம் தெரிவியுங்கள். திருட்டு நடந்ததற்குப் பதிவு இருக்கிறது என்பதையும் அதே கடிதத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தக் குடும்பத்துக்கும் இது கோர்ட்டு வரை போவதில் விருப்பம் இருக்காது. இந்த மாதிரி விவகாரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன.

சரி, இனிமேல் யாராவது மாட்டினால்?

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 303-வது பிரிவு திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குள் இருந்து, முதல் முறையாகத் தண்டனை பெறுபவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். கடைக்காரர்களுக்கு இதில் முக்கியமான சங்கதி, இந்த வகைத் திருட்டைப் போலீஸ் தானாக விசாரிக்க முடியாத, ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் புகார் வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், மேற்கொண்டு விசாரிக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். பொருள் வைக்கும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு என்று 305-வது பிரிவில் போட்டால் ஏழு ஆண்டு வரை போகும், அது போலீஸ் நேரடியாக எடுக்கும் வழக்கு. எந்தப் பிரிவு என்பதை ஸ்டேஷனில் முடிவு செய்வார்கள். நீங்கள் புகாரில் நடந்ததை மட்டும் எழுதினால் போதும்.

பொதுமக்களும் திருடனைப் பிடிக்கலாமே என்று கேட்பார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 40-வது பிரிவு அதை அனுமதிக்கிறது, ஆனால் கட்டுப்பாட்டோடு. குற்றம் உங்கள் கண்முன் நடந்திருக்க வேண்டும். ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய குற்றமாகவும் இருக்க வேண்டும். பிடித்தவரைத் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். ஆறு மணி நேரம் வைத்திருக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நேற்றைய கேமராப் பதிவில் பார்த்துவிட்டு இன்றைக்கு அவர் வரும்போது பிடிப்பதும் இதில் வராது. 640 ரூபாய் விவகாரத்தில் இந்தப் பிரிவை நம்பி ஒருவர் மேல் கை வைப்பது ஆபத்து.

அதனால் உங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கத்தைப் பழக்குங்கள். ஒருவரை நிறுத்தும் முன் நான்கு விஷயம் நிச்சயமாக இருக்க வேண்டும்: அலமாரியிலிருந்து எடுத்ததைப் பார்த்தோம், பைக்குள்ளோ துணிக்குள்ளோ வைத்ததைப் பார்த்தோம், அதன்பிறகு ஆளைக் கண்ணை விட்டு அகல விடவில்லை, பில் கவுண்டரைத் தாண்டிவிட்டார். இதில் ஒன்று குறைந்தாலும் நிறுத்தக் கூடாது. கண்ணுக்கு மறைந்த அரை நிமிடத்தில் பொருளை அடுத்த அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவரை வாசலில் நிறுத்திப் பையைப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால், அன்றைக்கு ஊர் சிரிக்கப்போவது உங்களைப் பார்த்துத்தான். கவுண்டரைத் தாண்டும் முன் நிறுத்தினாலோ, ‘பில் போடத்தானே போறேன்’ என்ற ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். கடைக்குள் பொருளைக் கையில் எடுக்க நாம்தான் அனுமதி கொடுத்திருக்கிறோம்.

நிறுத்த இரண்டு பேர் போகட்டும். வாடிக்கையாளர் பெண் என்றால் இருவரில் ஒருவர் பெண். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘அம்மா, ஒரு சாமான் பில்லுல விட்டுப்போச்சு போல, கொஞ்சம் கவுண்டருக்கு வாங்க.’ திருடி என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. உண்மையிலேயே மறந்தவர்கள் இருக்கிறார்கள். பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வருபவர் எதையோ பைக்குள் போட்டு மறந்துவிடுவார். முதுமையில் நினைவு தப்பியவர்களும் வருவார்கள். நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம், திருடியவர், மறந்தவர் இருவருக்குமே பொருளை எடுத்து மேசைமேல் வைக்க வழி கொடுக்கிறது. பத்தில் எட்டுப் பேர் அந்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள் என்பது நான் பார்த்த அனுபவம்.

பேசுவது கேமராவுக்குக் கீழே, கதவு திறந்திருக்கும் இடத்தில். குடோன் வேண்டாம், மாடி அறையும் வேண்டாம். பையை உங்கள் ஆள் தொடக் கூடாது, அவரே எடுத்து வைக்கட்டும். மறுத்தால் 112-க்கோ ஸ்டேஷனுக்கோ போன் போடுங்கள். ஓடினால் ஓடட்டும். வண்டிச் சாவியைப் பிடுங்குவது, துரத்திக்கொண்டு ரோட்டில் ஓடுவது எதுவும் வேண்டாம். ஒரு டப்பா நெய்க்காகத் துரத்திப் போன பையன் கத்திக்குத்து வாங்கினால், அவன் வீட்டுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? நெய்யின் விலை உங்களால் தாங்கக்கூடியது.

பொருள் வந்ததும் பில் போட்டு விற்பதா, திரும்ப வாங்கி வைப்பதா, போலீஸுக்குச் சொல்வதா என்பது உங்கள் விருப்பம். எதுவானாலும் ஒரு நோட்டில் தேதி, நேரம், பொருள், விலை, யார் பார்த்தார் என்று எழுதி, பார்த்தவர் கையெழுத்து வாங்குங்கள். அந்த நபரிடம் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவது, ‘நான் திருடினேன்’ என்று எழுதி வாங்குவது இரண்டுமே உதவாது, எதிராகத்தான் திரும்பும். இனி கடைக்கு வர வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், பத்துப் பேர் நடுவில் வேண்டாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாக்லேட் எடுப்பது எல்லாக் கடையிலும் நடக்கும். இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: முட்டி போட வைப்பது, அடிப்பது, வீடியோ எடுப்பது எதுவும் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரின் அடையாளத்தை வெளியிட்டால் சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், ஒரு பிள்ளை அந்த வீடியோவோடு மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும். பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னால் முடிகிற காரியம் அது. வீட்டில் யாருமே இல்லை, பிள்ளை பசியோடு அலைகிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். அதுபோலக் குழந்தைப் பால் பவுடரைத் துணிக்குள் மறைத்த ஒரு தாய் மாட்டினால், போனை எடுக்கும் முன் அவரிடம் ஒரு நிமிடம் பேசுங்கள். என்ன செய்வது என்று அப்புறம் உங்களுக்கே தெரியும்.

அடுத்து அந்த ஒரு லட்சம். அதைத் திருடர்கள்தான் கொண்டு போனார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வருடத்துக்கு ஒரு முறை இருப்பு எடுத்தால் எவ்வளவு குறைந்தது என்பது தெரியும், எப்போது, எப்படி என்பது தெரியவே தெரியாது. சப்ளை வண்டி பத்துப் பெட்டிக்குப் பில் கொடுத்து ஒன்பது இறக்கியிருக்கலாம். காலாவதிச் சரக்கைத் திருப்பி எடுத்தவர் அதற்கான கிரெடிட் நோட்டைத் தராமலே விட்டிருக்கலாம். பத்துக்கு ஒன்று இலவசம் என்று வந்த ஒன்று இருப்பில் ஏறியதா? எலி கடித்துக் குப்பைக்குப் போன பாக்கெட்டை யாராவது எழுதினார்களா? மூட்டையில் வாங்கிச் சில்லறையாக விற்கும் வற்றல், வெல்லம், பேரீச்சை காய்ந்து எடை குறையும். கவுண்டரில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு அரை லிட்டர் பில் போட்டதும் இதே கணக்கில்தான் வந்து சேரும்.

ஆகவே வாரம் ஒரு நாள், கடை திறக்கும் முன், இருபது பொருளை மட்டும் எண்ணுங்கள். சின்னதாக, விலை கூடியதாக, வெளியே சுலபமாக விற்கக்கூடியதாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: ஏலக்காய், முந்திரி, நெய், ஷேவிங் பிளேடு, முகக் கிரீம், பால் பவுடர், சாக்லேட். உதாரணமாக, திங்கட்கிழமை ஏலக்காய் 24 பாக்கெட், நடுவில் வந்தது 36, பில் ஆனது 41. அலமாரியில் 19 இருக்க வேண்டும். 14 இருந்தால் ஐந்து போயிருக்கிறது. அடுத்த வாரம் இரண்டு நாளுக்கு ஒரு முறை எண்ணினால் எந்த நாளில் போகிறது என்று தெரியும், அந்த நாளின் பதிவை மட்டும் பார்த்தால் போதும். சில வாரத்தில் உங்கள் லட்சம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று பிடிபட்டுவிடும்.

பில் சாஃப்ட்வேரில் கேன்சல் ஆன பில், ரிட்டர்ன் பில் இரண்டின் பட்டியலைத் தினமும் இரவு பாருங்கள். வாடிக்கையாளர் பணம் கொடுத்துப் போனபின் பில்லைக் கேன்சல் செய்து பணத்தை எடுப்பது பழைய வித்தை. யு.பி.ஐ.யில் போனில் காட்டும் பச்சை டிக்கை நம்பிச் சாமானைக் கொடுக்க வேண்டாம், போலிச் செயலிகள் அதை அப்படியே காட்டும். சவுண்ட் பாக்ஸ் சொன்னால்தான் பணம் வந்ததாக அர்த்தம். கவுண்டரில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். உங்களுடையதுதானா என்று தினமும் காலையில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

கடை அமைப்பைப் பற்றிக் கொஞ்சம். ஏலக்காயும் கிரீமும் பில் போடுபவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அலமாரிக்குப் போகட்டும், கேட்டால் எடுத்துக் கொடுங்கள். நடு அலமாரிகள் தோள் உயரத்துக்கு மேல் இருந்தால் குறையுங்கள். மூலையில் டியூப் லைட் எரியாமல் கிடந்தால் மாற்றுங்கள். இவற்றைவிடப் பலன் தருவது, உள்ளே வருபவரை நிமிர்ந்து பார்த்து ‘வாங்க, என்ன வேணும்’ என்று கேட்பது. எடுக்க நினைத்து வருபவருக்குத் தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்பதே போதும், மற்றவருக்கு அது மரியாதை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கும் பெண் சாயங்காலம் ஆறு மணிக்கு யாரை நிமிர்ந்து பார்ப்பார்? கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. ஸ்டூல் வாங்கிப் போடுங்கள்.

சம்பளத்தில் பிடிக்கலாமா என்றால், பொத்தாம்பொதுவாக ஏழு பேரிடமும் பங்கு போட்டுப் பிடிக்கக் கூடாது. ஒருவர் பொறுப்பில் என்று தனியாக ஒப்படைத்த பொருள், அவருடைய அலட்சியத்தால்தான் போனது என்று காட்ட முடிந்தால், அவர் தரப்பைக் கேட்ட பிறகு, நஷ்டத்துக்கு மேல் போகாமல் பிடிக்கலாம். திறந்த அலமாரியில் இருந்து போனதற்கு இது பொருந்தாது. ஏழு பேரிடமும் பிடித்தால் நல்லவர்கள் வேலையை விட்டுப் போவார்கள், எடுக்கிறவர் எடுத்ததில் கட்டிவிட்டு இருப்பார். ஊழியரே எடுக்கிறார் என்று கணக்கும் பதிவும் சேர்ந்து காட்டினால் அது நியாய சன்ஹிதா 306-வது பிரிவு, ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. புகார் கொடுப்பதா, வேலையை விட்டு அனுப்புவதா என்பதை நிதானமாக முடிவு செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவர் என்றால் எழுத்தில் விளக்கம் கேட்டு, விசாரணையைப் பதிவு செய்துதான் அனுப்ப வேண்டும். விசாரணை இல்லாமல் அனுப்புவதானால் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுக்க வேண்டும்.

கடைசியாக, அந்தப் பெண்மணியைக் குடோனுக்குக் கூட்டிப் போன பையன்களுக்கு என்ன ஆகும் என்று நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நோட்டீஸில் அவர்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்ததாகச் சொன்னால் நியாய சன்ஹிதா 74-வது பிரிவு வரலாம், அதில் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை உண்டு. கடைக்காக, நீங்கள் நிற்கும் இடத்தில்தான் அவர்கள் அதைச் செய்தார்கள். அவர்களுக்கும் சேர்த்தே வக்கீல் வையுங்கள், செலவு உங்களுடையதாக இருக்கட்டும். இன்று இரவு கடை சாத்தியதும் அவர்களை உட்கார வைத்து, நோட்டீஸில் என்ன இருக்கிறது என்று முழுதாகப் படித்துக் காட்டுங்கள்.